கணக்கில் வராத தந்தை

குடிசன மதிப்பு எடுக்கும் உத்தியோகத்தர் ஒரு வீட்டு வாயிலில் நின்று முதலிற் கேட்கும் வினா, அவ்வீட்டில் வாழ்வோர் யாவர் என்பதே. தாய் தன் பெயரைச் சொல்லுவாள். பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லுவாள். அப்பிள்ளைகளின் தந்தை அவ்வீட்டில் வாழாதவனாயின் அவன் பெயர் ஏட்டில் ஏறாது. அவன் மூன்று தெரு தள்ளித் தன் தாயின் வீட்டில் இருக்கலாம். முதல்நாள் மாலை பிள்ளைக்குப் பால்மா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனவனாகவும் இருக்கலாம். அன்றிப் பத்து ஆண்டுகளாக முகங்காட்டாதவனாகவும் இருக்கலாம். ஏட்டைப் பொறுத்தமட்டில் இவர்கள் எல்லோரும் ஒன்றே. தந்தை இல்லை என்பதே அங்கு எழுதப்படும் முடிவு.

இம்முடிவை நம்பி அரசுகள் சட்டம் இயற்றின. அறிஞர் நூல்கள் எழுதினர். பொதுமக்கள் வசை பேசினர். மணவினை இன்றிப் பெற்றோரான வறிய ஆண்களைப் பற்றி ஐக்கிய அமெரிக்காவிலே நூறாண்டுக்கு மேலாக நடந்துவந்த ஆராய்ச்சியின் வரலாறு, அந்த "இல்லை" என்னும் சொல் எவ்வாறு சிறிது சிறிதாக ஐயத்துக்கு உள்ளாயிற்று என்பதன் வரலாறாகும்.

அமெரிக்கர் இவ்விடயத்திற் கொண்ட நோக்கிற்கு வேர் இங்கிலாந்திலே உண்டு. 1576ஆம் ஆண்டில், முதலாம் எலிசபெத்து அரசியின் ஆட்சிக் காலத்திலே இயற்றப்பட்ட ஒரு சட்டம், மணமாகாத பெண்ணொருத்தியின் பிள்ளையால் ஊர்க் கோயிற்பற்றுக்குச் செலவு நேருமாயின், அச்செலவைத் தாயிடத்தும், தந்தையெனக் கருதப்பட்டவனிடத்தும் அறவிடுமாறு நீதவான்களுக்கு அதிகாரம் அளித்தது. பிள்ளைக்குத் தந்தை வேண்டும் என்ற எண்ணம் அச்சட்டத்தைப் பிறப்பிக்கவில்லை. கோயிற்பற்றின் பணப்பை குறையலாகாது என்ற எண்ணமே பிறப்பித்தது. 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத் திருத்தம் அப்பாரத்தைப் பெரும்பாலும் தாயின் தலையிலேயே ஏற்றிற்று. மக்களின் வெறுப்பு மிகவே, தாய் தானே நீதவானிடஞ் சென்று தந்தையிடமிருந்து பணங் கோரும் உரிமை 1844இல் வழங்கப்பட்டது. இலங்கையிலும் 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பராமரிப்புக் கட்டளைச் சட்டம், மணவினைக்குப் புறம்பே பிறந்த பிள்ளைக்குத் தந்தையிடமிருந்து பராமரிப்புப் பணம் பெறும் வழியை வகுத்தது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் பின்னர் அதன் இடத்தைப் பெற்றது. இவையெல்லாம் பிள்ளைக்கு உதவியவையே. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு அத்தந்தை நெடுங்காலம் ஒரு பணப்பையாகவே தோன்றினான். பணப்பையிடம் எவரும் கருத்துக் கேட்பதில்லை.

அமெரிக்காவிலே இந்நோக்கு வேறொரு வடிவம் எடுத்தது. 1911ஆம் ஆண்டில் இல்லினோய் மாநிலம் வறிய தாய்மார்க்கு உதவிப் பணம் வழங்கும் சட்டத்தை இயற்றிற்று; பிற மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. உதவி பெற்றோர் பெரும்பாலும் கைம்பெண்களே. 1935ஆம் ஆண்டில் ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ற்றின் ஆட்சியிலே சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபோது, அத்திட்டம் நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. பெற்றோருள் ஒருவர் இறந்தோ, வலுவிழந்தோ, வீட்டைவிட்டு நீங்கியோ இருக்கும் பிள்ளைக்கே அவ்வுதவி உரியது என்று அச்சட்டம் விதித்தது.

இதன் விளைவை ஆழ்ந்து நோக்க வேண்டும். உடல்நலமுள்ள தந்தை வேலையிழந்து வீட்டில் இருந்தால் பிள்ளைக்கு உதவி இல்லை. அவன் வீட்டைவிட்டுப் போய்விட்டால் உதவி உண்டு. 1961ஆம் ஆண்டில், வேலையற்ற தந்தை உடனிருக்கும் குடும்பங்களுக்கும் உதவ மாநிலங்களுக்கு இடமளிக்கப்பட்டது. ஆயினும் பல மாநிலங்கள் அதனை ஏற்கவில்லை. தந்தை இல்லாமையே உணவுக்கு நிபந்தனையாயிற்று. அந்நிபந்தனை உண்மையாக நிறைவேறுகின்றதா என்று அறிய, உத்தியோகத்தர் இரவிலும் விடியற்காலையிலும் ஏழைப் பெண்களின் கதவைத் தட்டினர்; கட்டிலின் கீழும் அலுமாரியினுள்ளும் ஆணின் சப்பாத்தைத் தேடினர்.

அலபாமா மாநிலம் ஒருபடி மேலே சென்றது. ஒரு தாயோடு உறவு வைத்திருக்கும் எந்த ஆணையும் அவளுடைய பிள்ளைகளின் "பதில் தந்தை" எனக் கொண்டு, உதவிப் பணத்தை நிறுத்தும் விதியை அது 1964இல் நடைமுறைப்படுத்திற்று. மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் ஏறத்தாழ 16,000 பிள்ளைகள் அம்மாநிலத்தின் உதவிப் பட்டியலிலிருந்து குறைந்தனர். அவ்விதியை எதிர்த்து வழக்கிட்ட தாய் நான்கு பிள்ளைகளைப் பெற்றவர். அதிகாலை மூன்றரை மணி முதல் நண்பகல்வரை சமையல் வேலையும் உணவு பரிமாறும் வேலையும் செய்து வாரமொன்றுக்கு 16 முதல் 20 டொலர் வரை உழைத்தவர். அவரிடம் வார இறுதியில் வந்துபோன மனிதரோ தம் சொந்தப் பிள்ளைகள் ஒன்பது பேரைக் காக்க வேண்டியவர். கிங் எதிர் ஸ்மித் எனப்படும் அவ்வழக்கிலே, 1968ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அலபாமாவின் விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. பிள்ளையைக் காக்கச் சட்டப்படி கடமைப்பட்டவரே பெற்றோர் ஆவர். வந்துபோகும் ஒருவரைத் தந்தையாக்கிப் பிள்ளையின் உணவைப் பறிக்க மாநிலத்துக்கு உரிமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டம் இவ்வாறு கதவைத் தட்டிக்கொண்டிருந்த காலத்திலே அறிஞர் செய்ததென்ன? கறுப்பினத்தைச் சேர்ந்த பேரறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபோய்ஸ், 1899இல் வெளியிட்ட தமது பிலடெல்பியா நகர ஆய்விலே, வேலையும் கூலியும் வீட்டு வாடகையும் குடும்ப வாழ்வை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதைக் காட்டினார். 1939இல் ஈ. பிராங்ளின் பிரேசியர் என்னும் சமூகவியலாளர், அடிமை வாழ்வும், கிராமத்திலிருந்து நகருக்குப் பெயர்ந்த இடப்பெயர்வும் கறுப்பினக் குடும்பங்களைக் குலைத்த வரலாற்றைப் பெருநூலாக எழுதினார். இவர்களுக்குப் பின், 1965ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழில் திணைக்களத்தின் உதவிச் செயலாளராயிருந்த டானியல் பற்றிக் மொய்னிஹன் எழுதிய அறிக்கை நாடெங்கும் பெரும் புயலைக் கிளப்பிற்று. கறுப்பினத்தவரிடையே பிறக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று மணவினைக்குப் புறம்பே பிறக்கின்றது என்று பிறப்புப் பதிவுகளைக் கொண்டு அவர் எடுத்துக்காட்டினார். ஆண்களுக்கு வேலை வேண்டும் என்பதே அவருடைய உள்ளக் கிடக்கை. ஆனால் கறுப்பினக் குடும்பத்தை நோயுற்ற ஒன்றாக வருணித்த அவர் சொற்களே மக்கள் நெஞ்சில் தைத்தன. ஏழையின் மீதே பழியைப் போடுகிறார் என்று பலர் சினந்தனர். மொய்னிஹன் தாமே பத்து வயதில் தந்தை விட்டுச்சென்ற வீட்டில் வளர்ந்தவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

மொய்னிஹனுக்கு மறுமொழியாக 1976இல் வரலாற்றாசிரியர் ஹேர்பேட் கற்மன் பழைய தோட்டப் பதிவேடுகளையும் குடிசன மதிப்பு ஏடுகளையும் துருவி ஆராய்ந்தார். அடிமைக் காலத்திலும் அதன் பின்னரும் பெரும்பாலான கறுப்பினக் குடும்பங்கள் தாயும் தந்தையும் கூடிவாழ்ந்த குடும்பங்களே என்று அவர் நிறுவினார். குடும்பம் குலைந்தமைக்குக் காரணத்தை அடிமை வாழ்விலே மட்டும் தேடினால் போதாது, அண்மைக்கால நகர வாழ்விலும் வேலையின்மையிலும் தேட வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று. எனினும் இவ்வாதப் பிரதிவாதங்கள் பெரும்பாலும் ஏடுகளைக் கொண்டே நடந்தன. வறிய தந்தை ஒருவன் தன் பிள்ளையைப் பற்றி என்ன எண்ணினான் என்பதைப் பிறப்புப் பதிவேடு கூறாது.

அதனைக் கேட்கத் தெருவுக்கு இறங்கியவர் எலியற் லீபோ. வாஷிங்டன் நகரிலே குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. தாய்மாரையும் பிள்ளைகளையும் பற்றிய செய்திகள் குவிந்தன. ஆண்களைப் பற்றிய செய்திகள் கிடைக்கவில்லை. அக்குறையை நிறைவு செய்யும் பணி லீபோவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1962, 1963ஆம் ஆண்டுகளில் அவர் ஒரு தெருமூலை உணவுக்கடையிலே கறுப்பின ஆண்கள் சிலரோடு நாட்களைக் கழித்தார், அவர்களோடு வேலை தேடிச் சென்றார், நீதிமன்றத்துக்கும் சென்றார். 1967இல் வெளிவந்த அவரது நூல் சமூகவியல் மாணவர் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற நூலாயிற்று.

அவர் கண்டது யாது? அத்தெருமூலை ஆண்கள், தம் மணவாழ்வு தமது குடியாலும் அலைச்சலாலும் முறிந்தது என்று பெருமிதத்தோடு பேசினர். அந்தப் பெருமிதத்தின் அடியிலே வேறொரு செய்தி மறைந்து கிடந்தது. நாள் முழுவதும் கல்லும் மண்ணும் சுமந்தாலும் ஒரு குடும்பத்தைக் காக்கப் போதிய கூலி அவர்களுக்குக் கிடைப்பதில்லை. உழைத்துக் காப்பவன் என்னும் நிலையில் தோற்றதை ஒப்புக்கொள்வதிலும், தீய பழக்கத்தால் தோற்றதாகச் சொல்லுவது அவர்களுக்கு எளிதாயிருந்தது. மற்றொரு முரணையும் லீபோ கண்டார். பிள்ளைகளோடு கூடிவாழ்ந்த தந்தையிலும் பார்க்க, பிரிந்து வாழ்ந்த தந்தை அப்பிள்ளைகளிடம் அன்பை எளிதாகக் காட்டினான். உடனிருப்பவனைப் பிள்ளையின் ஒவ்வொரு தேவையும் அவன் இயலாமையை நினைவூட்டி வருத்திற்று. இடையிடையே வருபவனுக்கோ ஒரு சிறு இனிப்புப் பொட்டலமும் கொடையாயிற்று.

1974இல் மானிடவியலாளர் கரோல் ஸ்ராக், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி நகரொன்றின் வறிய பகுதியிலே தாம் வாழ்ந்து கண்டவற்றை நூலாக்கினார். பிள்ளை தன்னுடையதே என்று ஒரு தந்தை ஊரறிய ஒப்புக்கொண்டால், அவனிடம் காசில்லாவிடினும், அவன் தாயும் சகோதரிகளும் அப்பிள்ளைக்கு உறவினராகி விடுகின்றனர். பேர்த்தியார் பிள்ளையைப் பார்ப்பார். மாமி உடுப்புக் கொடுப்பார். ஏட்டிலே "தந்தை இல்லை" என்று எழுதப்பட்ட வீட்டில், தந்தைவழிச் சுற்றம் முழுவதும் வந்துபோய்க்கொண்டிருந்தது.

இக்காலத்திலேதான் நீதிமன்றமும் அத்தந்தையின் குரலைக் கேட்க நேர்ந்தது. இல்லினோய் மாநிலத்திலே பீற்றர் ஸ்ரான்லி என்பவர் பதினெட்டு ஆண்டுகள் இடையிட்டும் தொடர்ந்தும் ஒரு பெண்ணோடு மணவினையின்றி வாழ்ந்தார். அப்பெண் இறந்ததும் பிள்ளைகளை அரசு எடுத்துக்கொண்டது. மணமாகாத தந்தை பிள்ளை வளர்க்கத் தகுதியற்றவன் என்று மாநிலச் சட்டம் விசாரணையின்றியே கொண்டிருந்தது. 1972ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், அவர் தகுதியுடையவரா அல்லரா என்று விசாரியாமற் பிள்ளைகளைப் பிரித்தல் முறையன்று எனத் தீர்த்தது. தலைமுறை தலைமுறையாகப் பணங் கேட்கப்பட்ட ஒருவரிடம், பிள்ளையைப் பற்றியும் கேட்க வேண்டும் என்று சட்டம் இணங்கிய நாள் அது.

எனினும் பணப்பை நோக்கு மறைந்துவிடவில்லை. 1975இல் மத்திய அரசு தந்தையரிடமிருந்து பராமரிப்புப் பணம் அறவிடும் அமைப்பை நாடெங்கும் நிறுவிற்று. பிள்ளையைப் புறக்கணித்த வசதியுள்ள தந்தையைப் பிடிக்க அது நல்ல கருவியே. ஆனால் உதவிப் பணம் பெறும் தாயின் வீட்டிலே அதன் விளைவு வேறாயிற்று. தந்தை கட்டிய பணம் பெரும்பாலும் அரசின் திறைசேரிக்கே சென்றது. 1984இன் பின்னரும் மாதம் 50 டொலர் வரையே தாயின் கைக்கு வந்தது. இதனால் ஏழைப் பெற்றோர் பலர் ஒரு மறைவான உடன்பாட்டுக்கு வந்தனர். அவன் அரசுக்குத் தெரியாமற் பால்மாவும் அணையாடையும் சப்பாத்தும் வாங்கிக் கொடுப்பான். அவள் அவன் இருக்குமிடம் தெரியாது என்பாள். பிள்ளைக்கு உதவியவன் அரசின் ஏட்டிலே கடனாளியானான். விஸ்கொன்சின் மாநிலம் 1997இல் தந்தை கட்டும் பணம் முழுவதையும் தாய்க்கே கொடுத்துப் பார்த்தபோது, பணங் கட்டும் தந்தையர் தொகை கூடிற்று. தாமே தந்தையென ஒப்புக்கொள்வதும் விரைவாயிற்று.

இதற்கிடையே இவ்வினா ஓரினத்தாருக்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவாயிற்று. 1960ஆம் ஆண்டில் அமெரிக்கப் பிறப்புகளில் நூற்றுக்கு ஐந்தளவே மணவினைக்குப் புறம்பானவை; 2008ஆம் ஆண்டளவில் அது நூற்றுக்கு நாற்பதாயிற்று. 1987இல் வில்லியம் ஜூலியஸ் வில்சன், நகரத் தொழிற்சாலைகள் மூடப்பட்டமையால் நிலையான வேலையுள்ள ஆண்கள் அருகினர் என்றும், திருமணம் குறைந்தமைக்கு அதுவே முதற்காரணம் என்றும் வாதிட்டார். ஆயினும் இவ்வாதத்தைச் சோதிக்க வேண்டிய அளவீடுகளிலே ஒரு பெரும் ஓட்டை இருந்தது. வீட்டுக்கு வீடு செல்லும் கணக்கெடுப்புகளிலே பிரிந்து வாழும் வறிய தந்தையர் பலர் தப்பிவிட்டனர். சிலர் சிறையில் இருந்தனர். சிலருக்கு நிலையான முகவரி இல்லை. சிலர் பிள்ளை உண்டென்பதையே சொல்லவில்லை.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் சேரா மக்லனஹனும், கொலம்பியாப் பல்கலைக்கழகத்துப் பொருளியலாளர் ஏர்வின் கார்பின்கெலும் இதற்கு ஒரு வழி கண்டனர். வீட்டிலே தேடினால் அகப்படாத தந்தையைப் பிள்ளை பிறந்த வைத்தியசாலையிலே தேடுவது என்பதே அவ்வழி. 1998 முதல் 2000 வரை, 20 பெருநகரங்களில், 75 வைத்தியசாலைகளில் பிறந்த 4,898 பிள்ளைகள் ஆராய்ச்சிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவருள் நான்கில் மூன்று பங்கினர் மணமாகாப் பெற்றோரின் பிள்ளைகள். பிள்ளை பிறந்த ஓரிரு நாளுக்குள் தாயிடம் வினவினர். தந்தையையும் அங்கேயே, அன்றி விரைவிலே வேறிடத்தில், கண்டு வினவினர். மணமாகாத தந்தையருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் மறுமொழி கொடுத்தனர். அகப்படார் என்று எண்ணப்பட்டவர்கள் அகப்பட்டனர்.

அவர்கள் கூறியவை பழைய எண்ணங்களைப் புரட்டின. பிள்ளை பிறந்த வேளையிலே மணமாகாப் பெற்றோருள் பத்தில் எட்டு இணையர் அன்புறவோடு இருந்தனர். பாதிப்பேர் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர். பெரும்பாலான தந்தையர் பேறுகாலத்திலே தாய்க்குப் பணத்தாலோ வேறு வழியாலோ உதவியிருந்தனர், வைத்தியசாலைக்கும் வந்திருந்தனர். தந்தை பிள்ளையின் வாழ்விலே பங்குகொள்ள வேண்டும் என்று பெரும்பாலான தாய்மார் விரும்பினர். ஒருநாள் பழகி மறைந்தவன் என்று சமுதாயம் தீட்டியிருந்த சித்திரம் பெரும்பாலோர்க்குப் பொருந்தவில்லை.

ஆனால் அவ்வாராய்ச்சி அங்கே நின்றிருந்தால் அது ஓர் இனிய கதையாகவே முடிந்திருக்கும். ஆராய்ச்சியாளர் அதே குடும்பங்களைப் பிள்ளையின் ஒன்று, மூன்று, ஐந்து, ஒன்பது, பதினைந்து வயதுகளிலும், இருபத்திரண்டு வயதளவிலும் மீண்டும் மீண்டும் கண்டனர். ஐந்தாம் ஆண்டிலே மணமாகாப் பெற்றோருள் மூன்றில் ஒரு பங்கு இணையரே கூடியிருந்தனர். ஏறத்தாழ ஆறில் ஓர் இணையரே மணம் புரிந்திருந்தனர். பிரிந்த தந்தையருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அதற்கு முந்திய மாதத்திலே பிள்ளையைப் பார்க்கவில்லை. வைத்தியசாலைக் கட்டிலருகே நின்றவன் ஐந்தாண்டுக்குள் எங்கே போனான்?

விடையின் ஒரு பகுதி அவன் தொடங்கிய இடத்திலேயே இருந்தது. அவர்களுட் பலர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்; நிலையான வேலையற்றவர். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் பிள்ளை பிறக்குமுன்பே சிறை கண்டவர். சிறை கண்டவனுக்கு வேலை அரிது. வேலையற்றவனுக்குப் பராமரிப்புக் கடன் ஏறும். கடன் ஏறியவன் அரசின் கண்ணுக்கு ஒளிப்பான். விடையின் மறுபகுதி கசப்பானது. ஐயமும் நம்பிக்கைக் கேடும், சில வீடுகளிலே வன்முறையும் உறவை முறித்தன. பிரிந்த தாயும் தந்தையும் வேறு துணையைத் தேடினர். அப்புதிய உறவிற் பிள்ளை பிறந்ததும் பழைய பிள்ளைக்கு நேரமும் பணமும் சுருங்கின.

அத்தந்தையரின் உள்ளத்தை மேலும் அறிய, கத்ரின் ஈடினும் ரிமதி நெல்சனும் பிலடெல்பியாவிலும் அயலூரான கம்டனிலும் வறிய தந்தையர் 110 பேரோடு நெடிது உரையாடி, 2013இல் ஒரு நூல் வெளியிட்டனர். தந்தைமை என்பது பணங் கொடுப்பது மட்டுமன்று, பிள்ளையோடு இருப்பதும் பேசுவதும் அன்பு செய்வதுமே என்று அவர்கள் பொருள்கொண்டனர். கைக்கு எட்டாத கடமையை விட்டு, எட்டிய கடமையைத் தந்தைமையாக்கிக் கொண்டனர் எனலாம். ஆயின் அவர்களுட் பலர் ஒரு பிள்ளையிடம் தவறியதை அடுத்த பிள்ளையிடம் ஈடுசெய்ய முயன்றனர். தாய்க்கோ அவ்வாறு புதிதாகத் தொடங்கும் உரிமை இல்லை. வாடகையும் சோறும் பள்ளிச் செலவும் அவள் தலையிலேயே நின்றன. தந்தையின் சொல்லைக் கேட்பதனால் தாயின் சுமையை மறத்தல் ஆகாது என்பதையும் அந்நூல் உணர்த்திற்று.

ஆராய்ச்சியின் முடிவுகளை அரசும் கேட்டது. ஆனால் ஒரு பாதியையே கேட்டது. பிள்ளை பிறக்கும்போது பெற்றோர் அன்போடு இருக்கின்றனராயின், அவ்வேளையிலே இல்லறப் பயிற்சி அளித்தால் அவர்கள் மணம் புரிவர் என்று எண்ணி, எட்டு இடங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட இணையரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தப்பட்டது. மூன்றாண்டின் பின் எடுத்த கணக்கு 2012இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் இடையே, கூடிவாழ்வதிலோ மணம் புரிவதிலோ வேற்றுமை காணப்படவில்லை. இனிய சொற் பேசப் பழகுதல் நன்றே. ஆயின் வேலையின்மையும் சிறையும் கடனும் பேச்சினால் தீர்வனவல்ல.

சேரா மக்லனஹன் 2021ஆம் ஆண்டின் இறுதி நாளிலே காலமானார். அவர் தொடக்கத்திற் கண்ட பச்சிளங் குழந்தைகள் இன்று வாக்குரிமை பெற்ற இளைஞராயும் யுவதிகளாயும் இருக்கின்றனர். அவருள் சிலர் தாமே பெற்றோராகும் வயதை அடைந்துள்ளனர். ஒரு தலைமுறை முழுவதையும் தொட்டிலிலிருந்து தொடர்ந்து சென்ற அவ்வாராய்ச்சி, வறிய தந்தையைக் குற்றவாளியாகவும் காட்டவில்லை, தெய்வமாகவும் காட்டவில்லை. பிள்ளை பிறந்த அன்று கட்டிலருகே நின்றவன் அவன். பின்னர் பல வேளைகளிலே தவறியவனும் அவனே. அவன் நின்ற நாளை அறியாதவர்கள், அவன் தவறியதற்குரிய காரணத்தையும் அறிய முடியாது.

நான்கு நூற்றாண்டுகளாகச் சட்டம் அவனிடம் கேட்டது, எவ்வளவு தருவாய் என்ற ஒரு வினாவையே. அவ்வினா தேவையானது, பிள்ளை பசித்திருக்கும்போது அதனைக் கேட்காமல் விட இயலாது. ஆனால் உன் பிள்ளையோடு இருக்க உன்னைத் தடுப்பது எது என்ற இரண்டாவது வினாவையும் சேர்த்துக் கேட்ட பின்னரே உண்மையின் பெரும்பகுதி வெளிப்பட்டது. வறியோர்க்கென எந்நாட்டிற் சட்டம் இயற்றப்படினும், அதனை எழுதுமுன் ஏட்டை மட்டும் பார்த்தல் போதாது; ஏட்டில் ஏறாதவனையும் தேடிச் சென்று கேட்டறிதல் வேண்டும்.